பெட்ரனெலுக்குப் பால் கொடுத்தவள்

பிரிட்போர்ட், டார்செட்
1631 ஏப்ரல் 9

ஹானருக்கு,

என் தம்பி இறந்த செய்தியை நீ எழுதி நான் தெரிந்துகொள்ளவில்லை. வேமவுத் துறைமுகத்துக்குக் கயிறு கொண்டுபோன இடத்தில், நீங்கள் குடியேறிய கரைக்குப் போய்வந்த, முன்பின் தெரியாத மாலுமி ஒருவன் பீர் குடித்துக்கொண்டே சொன்னான். "புது லோடர்ஸா? அங்க கயிறு திரிக்கிறவன் ஒருத்தன் இருந்தானே, பனிக்காலத்துல போய்ச் சேர்ந்துட்டான். பொண்டாட்டி நிறைமாசமா நின்னா." அவனுக்கு ஜாஸ்பரின் பெயர்கூடத் தெரியவில்லை. இடது கைக்காரன், வேலை செய்யும்போது சீட்டியடிப்பான் என்றான்.  கயிற்றை இறக்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. எனக்கு அவன் தம்பியா மகனா என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. நீ எங்கள் கொட்டகைக்குச் சணல் நூற்க வந்த பெண். உனக்குப் பெரியம்மை கண்டபோது, வைக்கோல் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் என் கட்டிலில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். நீ எழுந்து நடந்தாய். நடந்த கையோடு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிவிட்டாய்.

அவன் கடைசியாக என்ன சாப்பிட்டான்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? எங்கே புதைத்தீர்கள்? பிள்ளை பிறந்ததா, இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றபடி உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

அர்சுலா கெயில்

*

புது லோடர்ஸ், மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் கரை
1631 ஆகஸ்ட் 20

அர்சுலா அக்காவுக்கு,

நான் எழுதாமல் இருக்கவில்லை. கடிதத்தை எடுத்துப்போன கப்பல் எங்கேயோ கரை சேராமல் போயிருக்கிறது. நீங்கள் அதை ஒரு குடிகாரன் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததே என்று நினைக்கும்போது எனக்கு மறுபடியும் அழுகை வருகிறது.

கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். நவம்பர் புயலில் எங்கள் மாவு மூட்டைகள் இருந்த படகு கட்டை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அவர் திரித்த கயிறு ஒன்றுதான் தாங்கி நின்றது. இன்னொன்றைக் கட்ட, மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார். "ஜாஸ்பர், விடுய்யா, போகட்டும்!" என்று தச்சர் பார்னபி கரையிலிருந்து கத்தினார். "போனா எதைத் திம்பீங்க?" என்று இவர் திரும்பக் கத்தினார். மாவு கரைக்கு வந்தது. இவருக்கு மார்புச்சளி கண்டு, அதிலேயே போய்விட்டார். அந்த மாவைத் தின்றுதான் இங்கே பாதிப் பேர் உயிரோடு இருக்கிறோம். கடைசியாகச் சாப்பிட்டது சிப்பிக் கஞ்சி. உப்புப் போதவில்லை என்றார். பக்கத்தில் நான் இருந்தேன். ஆற்றுக்கு மேலே ஓக் மரங்கள் நிற்கும் மேட்டில் புதைத்திருக்கிறோம்.

பிள்ளை ஜனவரியில் பிறந்தாள். உங்கள் அம்மாவின் பெயரையே வைத்தேன், பெட்ரனெல் என்று. ஆனால் எனக்குப் பால் வற்றிப்போனது. பட்டினிதான் காரணம். ஊரில் இருந்த ஆடுகள் பனியில் செத்துவிட்டன. கைக்குழந்தை வைத்திருந்த வேறு இருவரும் படுத்த படுக்கை. ஓட்ஸ் கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்து வாயில் வைத்தேன். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி போல முனகினாள்.

அந்த நாளில்தான் ஆற்றுக்காரர்கள் சோளம் விற்க வந்தார்கள். இந்த மண் அவர்களுடையது. எங்களுக்கு முன்பிருந்தே அவர்கள் ஊர் ஆற்றின் மேற்கே இருக்கிறது. அவர்களில் ஒருத்தி, அனோக்வா என்று பெயர், முதுகில் தன் பிள்ளையைக் கட்டியிருந்தாள். மீன்பிடிக் கப்பல்காரர்களிடம் கொஞ்சம் நம் பேச்சு கற்றிருக்கிறாள். என் வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்தாள். "குடு" என்றாள். நான் பயந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். "இது சாகுது. குடு" என்றாள் மறுபடி.

கொடுத்தேன் அக்கா. பெட்ரனெல் குடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஜாஸ்பர் போன பிறகு முதல் தடவையாக நான் வாய்விட்டு அழுதேன். அவள் பனிக்காலம் முழுக்க வந்தாள். வர முடியாத நாட்களில் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். உங்கள் தம்பியின் மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறாள்.

ஹானர்

*

பிரிட்போர்ட்
1632 மார்ச் 2

ஹானருக்கு,

உப்புப் போதவில்லை என்றான் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவன்தான், அப்படித்தான் சொல்வான்.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வாயில் நுழையாத ஒருத்தி, ஞானஸ்நானம் பெறாதவள், என் அம்மாவின் பெயரைத் தாங்கிய பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறாள். நீ அதைத் திருவிழா போல எழுதுகிறாய். பாதிரியார் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. "பாலோட குணமும் இறங்கும், அர்சுலா" என்றாள். "உங்க மகன் ஆட்டுப்பால் குடிச்சுத்தானே வளர்ந்தான்? அதான் முட்டிக்கிட்டே திரியறான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாயை அடைத்தேன் என்பதற்காக நீ செய்ததை ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே.

விதவைப் பெண்ணும் கைக்குழந்தையும் காட்டுக்கரையில் என்ன செய்யப் போகிறீர்கள்? கோடையில் வரும் கப்பலில் உங்கள் இருவருக்கும் இடம் பேசி வைத்திருக்கிறேன். ஜாஸ்பரின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். பேசாமல் வந்து சேர். வராவிட்டால் இனி என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே.

பிள்ளைக்கு எந்த நிறத்தில் முடி?

அர்சுலா

*

புது லோடர்ஸ்
1632 செப்டம்பர் 11

அர்சுலா அக்காவுக்கு,

கப்பல் போய்விட்டது. நான் ஏறவில்லை.

மூட்டை கட்டிக்கொண்டு கரைக்குப் போனது உண்மை. செட்லி வீட்டம்மா வழியனுப்ப வந்தாள். நான் அனோக்வாவின் வீட்டில் தங்கிய நாளிலிருந்து என்னை வேலிக்கு வெளியே போனவள் என்று சொல்லிக் காட்டுகிறவள் அவள். "போறியா? நல்லது. இங்க இருந்தா உன் மக நம்ம பேச்சையே மறந்துடுவா" என்றாள். அனோக்வாவும் வந்திருந்தாள், இடுப்பில் தன் மகனோடு.  வழிக்கு என்று வறுத்த சோள மாவுப் பை ஒன்றை என் மூட்டைக்கு மேல் வைத்தாள். பெட்ரனெல் அந்தப் பையனின் காதைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

அப்போது நினைத்துப் பார்த்தேன். பிரிட்போர்ட்டில் நான் உங்கள் வீட்டு அறையில் இருப்பேன், உங்கள் சணலை நூற்பேன், நீங்கள் சொல்கிற நேரத்துக்கு விளக்கணைப்பேன். கோபப்படாதீர்கள். இங்கே எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. குழி தோண்டி, உரமாக மீனைப் போட்டு, சோளமும் அவரையும் சேர்த்து நடுவதற்கு அனோக்வா கூட நின்று சொல்லிக் கொடுத்தாள். அது என் தலைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது. ஜாஸ்பர் இங்கே மேட்டில் இருக்கிறார். அவரை விட்டு எப்படி ஏறுவேன்?

நானும் ஜாஸ்பரும் இங்கே புறப்பட்ட அன்று நீங்கள் வழியனுப்பத் துறைக்கு வரவில்லை. கப்பல் கிளம்பும்வரை அவர் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். ஆனால் காட்டுக்கரை என்று எழுதினீர்களே, அதனால் சொல்கிறேன்.

முடி செம்பட்டை, ஜாஸ்பருடையது போல.

ஹானர்

*

பிரிட்போர்ட்
1633 மார்ச் 20

ஹானருக்கு,

கயிறு இரண்டு கட்டு, சணல் விதை, பிள்ளைக்குக் கம்பளித் துணி அனுப்பியிருக்கிறேன். பாலாடைக்கட்டி வழியில் பூசணம் பிடித்தால் மேலே சீவிவிட்டுச் சாப்பிடு.

துறைக்கு வந்திருந்தால் அவன் கையைப் பிடித்து இறக்கியிருப்பேன். அதனால்தான் வரவில்லை.

வேறொன்றும் இல்லை.

அர்சுலா

*

புது லோடர்ஸ்
1634 மே 6

அர்சுலா அக்காவுக்கு,

கயிறும் துணியும் வந்தன. பாலாடைக்கட்டியைச் சீவிச் சாப்பிட்டோம். கடிதம் எழுதத்தான் இப்போது வரை முடியவில்லை.

சென்ற பனிக்காலத்தில் ஆற்றுக்காரர்களின் ஊரில் பெரியம்மை புகுந்தது. நம் ஊரில் அது வந்தால் சிலர் போவார்கள், சிலர் பிழைப்பார்கள். அவர்கள் இதற்கு முன் அதைக் கண்டதே இல்லை. வீடு வீடாகப் படுத்துவிட்டார்கள். விறகு வெட்ட ஆளில்லை, தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை. மேற்கே புகை எழுவது குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் ஹாட்ரி சபையைக் கூட்டினார். "யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போனா, நோய் அடங்கற வரைக்கும் இந்த வேலிக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார்.

எனக்கு ஏற்கெனவே வந்து போன நோய், மறுபடி வராது. என் முகத்தைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும். ஆனால் பெட்ரனெலைக் கூட்டிப்போக முடியாதே. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். செட்லி வீட்டம்மா வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டே, இல்ல?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்னத்துக்கு நின்னுக்கிட்டிருக்கே? பிள்ளைய இங்க குடு. என் புருஷன் தின்ன மாவு இவ அப்பன் இழுத்துப் போட்ட மாவு. எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சியா?"

அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

அங்கே கண்டதையெல்லாம் எழுத மாட்டேன். அனோக்வாவின் புருஷனும் அவள் அம்மாவும் எனக்கு முன்பே போயிருந்தார்கள். அவள் பாயோடு ஒட்டிக் கிடந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. மகன் அவள் காலடியில் சுருண்டிருந்தான். அவனுக்குக் கொப்புளங்கள் கொஞ்சம்தான்.

என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை அக்கா, உங்களைத் தவிர. உங்கள் கட்டிலில் நான் கிடந்தபோது நீங்கள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து செய்தேன். சொறியாமல் இருக்கக் கைகளைத் துணியால் சுற்றினேன். பாயை ஈரத்துணியால் நனைத்து நனைத்துப் பிரித்தேன். கரண்டியால் தண்ணீர் விட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடு. எல்லாரும் போயாச்சு" என்றாள். நீங்கள் என்னை அதட்டினீர்களே, அதே குரல் என் வாயில் வந்தது. "வாயைத் தொற. அடம் பிடிச்சா அறைஞ்சிடுவேன்." அவள் அந்த நிலையிலும் என்னைப் பார்த்து முறைத்தாள். ஆனால் வாயைத் திறந்தாள்.

சில நாள் கழித்து, பார்னபி ஒரு சுமை விறகைக் கொண்டுவந்து தூரத்தில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை கொஞ்சம் பக்கத்தில் போட்டார். அதற்கடுத்த முறை உள்ளேயே வந்துவிட்டார். "எனக்கும் சின்ன வயசுல வந்ததுதான். தலைவர் திட்டுவாரேன்னு பயந்தேன். வெட்கமா இருக்கு" என்றார். நாங்கள் இருவருமாக முடிந்தவரை எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோனோம். முடிந்தவரை புதைத்தோம். அந்தப் பெரிய ஊரில் மிஞ்சியவர்கள் ஒரு கப்பல் மேல்தளத்தில் அடங்கிவிடுவார்கள். அனோக்வா பிழைத்தாள். மகனும் பிழைத்தான்.

நோய் அடங்கி, பனி கரைந்ததும் அவர்கள் இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அதே வாரம் சபையில் ஹாட்ரி எழுந்து, ஆற்றோர வயல்கள் காலியாகக் கிடக்கின்றன, கடவுளே நமக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார், பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். பெண்கள் சபையில் பேசுவதில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு பேசினேன்.

"அந்த நிலத்துக்காரி உயிரோட இருக்கா. என் வீட்டு அடுப்போரம் உட்கார்ந்து கஞ்சி குடிச்சிக்கிட்டிருக்கா. யாருக்கு எத்தனை பங்குன்னு அவகிட்ட வந்து கேளுங்க."

"உட்காரும்மா" என்றார் ஹாட்ரி.

"உட்கார இடம் இல்லைங்க, நின்னுதான் பேசறேன். நாம வந்த வருஷம் அவங்க சோளம் விக்கலைன்னா உங்க பங்கை எவன் வந்து எடுத்திருப்பான்?"

 பிறகு செட்லி வீட்டம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். பார்னபி எழுந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லோரும் இல்லை. கடைசியில் அனோக்வாவும் பிழைத்தவர்களும் உழும் நிலத்தைத் தொடுவதில்லை என்று முடிவானது. ஆற்றோரத்தில் மீதி இருந்த வயல்களுக்கு ஹாட்ரி எல்லை முளை அடித்துவிட்டார். அதை என்னால் தடுக்க முடியவில்லை. அனோக்வா தினமும் அந்த முளைகளைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் எழுதியது உங்களுக்கு நன்றி சொல்லத்தான். அன்று என்னை வைக்கோல் கொட்டகையில் போட்டிருந்தால் நான் இல்லை, பெட்ரனெல் இல்லை, அனோக்வாவுக்குத் தண்ணீர் கொடுக்கவும் யாரும் இல்லை. எனக்கு நீங்கள் செய்ததை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஹானர்

*

பிரிட்போர்ட்
1634 செப்டம்பர் 1

ஹானருக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நூற்கிற பெண்கள் ராட்டையை நிறுத்திவிட்டார்கள். நானும் வேலையைப் பார் என்று விரட்டவில்லை. அறைந்துவிடுவேன் என்று சொன்ன இடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அப்படியா அதட்டுவேன்?

எனக்கு நன்றி எதற்கு? நீ நன்றாக நூற்பாய், போனால் ஆள் கிடைக்காது என்றுதான் காப்பாற்றினேன். இதை நம்பாதே.

அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் நீ சொல்ல வேண்டும். நான் எழுதுவதை அவளுக்குப் புரிகிற பேச்சில் சொல். அனோக்வா, உன் பெயரைச் சரியாகச் சொல்ல நான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பற்றி நான் தவறாகப் பேசியிருக்கிறேன். என் வீட்டில் இனி பிள்ளைச் சத்தமே கேட்காது என்று நான் உட்கார்ந்திருந்த பனிக்காலத்தில், அந்தப் பிள்ளை உன் மடியில் இருந்திருக்கிறது. உன் புருஷனுக்காகவும் அம்மாவுக்காகவும் இங்கே ஒரு கிழட்டுக் கயிற்றுக்காரி அழுதாள் என்று தெரிந்துகொள். அந்த முளைகளை அடித்தவன் என் கையில் கிடைத்தால் முளையோடு சேர்த்துத் திரித்துவிடுவேன்.

இப்படியே சொல், மெருகேற்றாதே.

அர்சுலா

*

புது லோடர்ஸ்
1634 நவம்பர் 28

அர்சுலா அக்காவுக்கு,

மெருகேற்றாமல் சொன்னேன். சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். பெட்ரனெலும் அந்தப் பையனும் உரித்த தோகைகளை ஒருவர் மேல் ஒருவர் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அனோக்வா கை நிறுத்தாமல் கேட்டாள். அவள் புருஷனைப் பற்றிய இடம் வந்ததும் கை நின்றது. நான் சொல்லி முடித்ததும் முளையோடு திரிப்பது என்றால் என்ன என்று கேட்டாள். கயிற்றை முறுக்குவது போலச் செய்து காட்டினேன். சிரித்துவிட்டாள். நோய்க்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இவ்வளவு பேசறா. எதுக்கு அங்கயே உட்கார்ந்திருக்கா?" என்றாள்.

"கொட்டகை இருக்கு, வேலை இருக்கு."

"இங்க கயிறு வேணாமா? இங்க பிள்ளை இல்லையா?"

அதையே நான் உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய விதையில் சணல் நன்றாக வந்திருக்கிறது. திரிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. படகுகள் பழைய கயிற்றை நம்பி நிற்கின்றன. பார்னபி என் வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டித் தருகிறேன் என்கிறார். விளக்கை எப்போது வேண்டுமானாலும் நீங்களே அணைத்துக்கொள்ளலாம்.

வாருங்கள் அக்கா.

ஹானர்

*

வேமவுத் துறைமுகம்
1635 ஏப்ரல் 17

ஹானருக்கு,

இந்தக் கடிதம் எனக்கு முந்திப் போகும் கப்பலில் வருகிறது. நான் அடுத்த கப்பலில் ஏறுகிறேன். கொட்டகையை மூத்த நூற்புக்காரி கையில் ஒப்படைத்துவிட்டேன். பாதிரியார் வீட்டம்மா துறை வரைக்கும் வந்து அழுதாள். "இந்த வயசுல கடல் தாண்டறியே, யாரு இருக்கா அங்க?" என்றாள். "என் வீட்டாளுங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றேன். சொல்லும்போதே அது உண்மை என்று தெரிந்தது.

என்னைப் பார்த்து மிரளாமல் இருக்கப் பெட்ரனெலுக்கு இப்போதே அத்தை என்று சொல்லிப் பழக்கு. ஜாஸ்பர் இருக்கும் மேட்டுக்கு நாம் இருவர் மட்டும் போவோம்.

அவர்கள் பேச்சில் நன்றி சொல்வதற்கு ஒரு மாலுமி ஒரு சொல் கற்றுக்கொடுத்தான். நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று தெரியவில்லை, அவன் முகத்தில் கள்ளச் சிரிப்பு இருந்தது. எப்படியானாலும் சொல்லத்தான் போகிறேன். நான் இறங்கும்போது அனோக்வாவும் கரையில் நிற்கட்டும். அவளைக் கும்பிட்ட பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன்.

அர்சுலா